முதல் வல்லத்தை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு எழுபது வயது ஆகப்போகிறது. தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன். பல வருடம் அடுத்தவர் வல்லத்தில், அதாவது பலகை மரப்படகில், மீன்பிடிக்கப் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசியில் மனைவியின் நகையை அடகு வைத்து, வேம்பும் இலுப்பையும் வாங்கி, சொந்தமாக ஒரு வல்லம் கட்டினேன். அதுதான் என் முதல் வல்லம். அதற்கப்புறம் ஒரு பைபர் படகும் வாங்கி ஓட்டினேன், அது எப்போது போனது என்றுகூட நினைவில் இல்லை. மனைவி இறந்த பிறகு காரைக்குடியில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். வல்லம் சில வருடமாக ஊர்க் கரையில் மழையிலும் வெயிலிலும் கிடக்கிறது. இங்கே பழம்பொருள் கடைக்காரர் ஒருவர், ஒரு ஹோட்டல் முகப்பில் வைக்க அதை விலைக்குக் கேட்கிறார். மகன் கொடுத்துவிடச் சொல்கிறான். பேத்தி, வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து வைக்கலாம் என்கிறாள். செப்பனிட முடியுமா? கொடுப்பதா, வைத்துக்கொள்வதா? ஒரு மரக்கட்டைக்காக ராத்தூக்கம் கெடுவது வயசுக் கோளாறா?
– காரைக்குடி வாசகர்

பதில்:

ஐயா, வணக்கம்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை விட்டுவிட்டு மற்றதைப் பேசினால் உங்கள் மனசு அதிலேயே நின்றுவிடும். வயசுக் கோளாறு இல்லை. தேவிபட்டினம் பக்கம் படகு கட்டும் ஓடாவிக் குடும்பத்தில் பிறந்து, செட்டிநாட்டு வீடுகளின் தூண், நிலை, கதவு என்று பழைய மரவேலைகளைச் செப்பனிட்டுப் பிழைக்கிறவன் நான். பர்மா தேக்குத் தூணை விற்றுவிட்டு அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆச்சியையும் பார்த்திருக்கிறேன், தன் வல்லத்தை உடைக்கத் தொடங்கியதும் எழுந்து கடற்கரை ஓரமாகவே நடந்து போய்விட்ட பெரியவரையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தூணைத் தாத்தா வைத்துவிட்டுப் போனார். வல்லத்தை நீங்களே சம்பாதித்தீர்கள். வருத்தம் கூடுதலாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

உங்கள் மகனுக்கு இது புரியவில்லை என்றால் அவர் மேல் குறை வேண்டாம். அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் வல்லம் இருந்திருக்கும். இல்லாமல் இருந்த காலத்தை அவர் பார்க்கவில்லை. அடுத்தவர் வல்லத்தில் ஏறிப் போகிறவனுக்கு மீன்பாடு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் முதலில் எண்ணெய்ச் செலவு கழியும், அப்புறம் வல்லத்துக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, மிச்சத்தைத்தான் ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். கணக்கு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனால் ஏறிப் போகிறவனுக்குக் கடைசி இடம்தான். சொந்த வல்லம் வந்த அன்று அந்த வல்லப் பங்கு உங்கள் வீட்டுக்கு வருகிறது. கூடவே அடகுக் கடனும் வருகிறது, வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் பிடித்ததை அவருக்கே, அவர் போடும் விலைக்கே கொடுக்க வேண்டிய கட்டும் வருகிறது. எத்தனை மணிக்குப் போவது, எங்கே வலை விடுவது, வாடை ஏறுகிறதே திரும்பிவிடலாமா என்பதெல்லாம் அன்றுவரை இன்னொருவர் சொல்லி நீங்கள் செய்தது. முதல் வல்லத்தில் அது உங்கள் வாயிலிருந்து வர வேண்டும், மூன்று நான்கு வீட்டு ஆண்பிள்ளைகள் அதை நம்பி உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் வாங்கிய பைபர் படகு தொழிலுக்கு நல்ல சாமான்தான், எடை குறைவு, பராமரிப்பும் குறைவு. ஆனால் அதை வாங்கும்போது நீங்கள் ஏற்கெனவே சொந்த வல்லம் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி. அது நினைவில் தங்காததற்குக் காரணம் அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் நீளமானது, இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஆனால் இரண்டு இடங்களை மற்ற வாசகர்களுக்கும் சொல்லியாக வேண்டும். வல்லத்தை இறக்கிய முதல் வாரத்தில் ஒரு நாள் வலை முழுக்கக் காரல் மீனாக வந்து, கரையில் விலை போகாமல், உங்கள் மனைவி அத்தனையையும் தானே உப்புப் போட்டுக் காயவைத்து, தேவகோட்டைச் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்று, அந்தக் காசில் முதல் வட்டியைக் கட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று, வலது பக்க விளிம்புப் பலகையில் வலைக்கயிறு இழுத்து இழுத்துத் தேய்ந்த பள்ளம். ‘கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் என் நடுவிரல் அதில் சரியாக உட்காரும்’ என்று எழுதினீர்கள். இதைப் படித்த பிறகுதான் உங்களுக்கு என்ன ஆலோசனை சொல்வது என்று எனக்குத் தெளிவானது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் வல்லம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நேரில் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் முக்கால்வாசியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மர வல்லத்தைக் கெடுப்பது கடல் தண்ணீர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தண்ணீருக்குள் கிடக்கும்போது மரத்தைத் துளைக்கிற கடல்புழு உண்டு, அதற்குத்தான் நம் ஆட்கள் காலாகாலமாக மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசி வந்தார்கள். ஆனால் கரை ஏற்றிப் போட்ட வல்லத்துக்கு எமன் மழைத்தண்ணீர்தான். உப்பு ஏறிய மரத்தில் பூஞ்சை அவ்வளவு எளிதாகப் பிடிக்காது. ஐப்பசி கார்த்திகை மழை உள்ளே தேங்கி, உப்பைக் கரைத்து இறக்கிவிட்டு, விலா எலும்பு மாதிரி வளைந்து நிற்கும் வங்குகளின் காலடியில் மாதக்கணக்கில் நின்றால் மரம் மக்கிப்போகும். வெளியே பெயின்ட் பளிச்சென்று இருக்கும், உள்ளே புட்டு மாதிரி உதிரும்.

அதனால் ஊருக்குப் போகும்போது ஒரு குத்தூசியும் ஒரு சின்ன மரச்சுத்தியலும் எடுத்துப் போங்கள். வல்லத்தின் அடிமரமான ஏராவிலிருந்து தொடங்குங்கள். முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம்வரை ஒரு சாணுக்கு ஒரு தட்டு. நல்ல மரம் ‘டங்’கென்று பதில் சொல்லும், மக்கிய இடம் அமுங்கின சத்தம் கொடுக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் குத்தூசியை அழுத்துங்கள். நுனி மட்டும் இறங்கி நின்றால் பிழைத்தது, வெண்ணெயில் இறங்குகிற மாதிரி போனால் அந்தத் துண்டு போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் ஆணிகளைப் பாருங்கள். அந்தக் காலத்தில் செலவுக்குப் பயந்து பல பேர் செம்பு ஆணிக்குப் பதில் இரும்பு ஆணி அடித்தார்கள். துரு ஏறிய இரும்பு ஆணியைச் சுற்றி மரம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறுத்து, பஞ்சு பஞ்சாக இருக்கும். பலகை நன்றாகத் தெரிந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சம் இருக்காது. வல்லத்தின் அடியில் மணல் அரித்துப்போய் அணியமும் அமரமும் தொங்குகின்றனவா என்றும் பாருங்கள். நடுவில் மட்டும் தாங்கல் இருந்தால் கனம் தாங்காமல் ஏரா வளைந்துவிடும், ஏரா வளைந்த வல்லத்தை நேராக்குவதும் புதிதாகக் கட்டுவதும் செலவில் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏராவும் வங்குகளும் உறுதியாக இருந்து, சில பலகைகள் மட்டும் போயிருந்தால் செப்பனிடலாம். கெட்ட பலகையைக் கழற்றிப் புதுப்பலகை ஏற்றி, இடுக்குகளில் பருத்தி திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி, பழையபடி மிதக்க வைத்துவிடுவார்கள். அந்த வேலை தெரிந்த ஓடாவிகள் நம் கடற்கரையில் இன்னும் இருக்கிறார்கள், குறைந்துவிட்டார்கள் என்பதுதான் துக்கம். ஒன்று கவனியுங்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் வேலைக்கு ஏறி நிற்கும், அப்போது எந்த ஓடாவியும் உங்களுக்கு அகப்பட மாட்டார்.

ஆனால் ஐயா, மிதக்க வைத்து யார் ஓட்டப்போகிறார்கள்? ஊரில் அண்ணன் மகனோ, கூட வந்த ஆளின் பையனோ, மர வல்லத்தில் நண்டு வலைக்குப் போகத் தயாராக இருந்தால் யோசிக்காமல் செலவு செய்யுங்கள், அதைவிட நல்ல முடிவு எதுவும் கிடையாது. அப்படி ஆள் இல்லாமல் செப்பனிட்டு மறுபடி மணலில் போட்டால் அடுத்த இரண்டு மழையில் பழைய நிலைக்கே வந்துவிடும். அது பணத்துக்கும் கேடு, மனசுக்கும் கேடு.

பேத்தியின் யோசனையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அந்தப் பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஆனால் முழு வல்லத்தையும் காரைக்குடிக்குக் கொண்டுவருவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காற்றில் ஈரம் குடித்தே பழகிய மரம் அது. இங்கே நம் செம்மண் பூமியின் சித்திரை வெயிலில் பலகை அகலவாக்கில் சுருங்கி, இடுக்கு விரிந்து, ஆணிகள் நெம்பி வெளியே வரும். மழைக்காலத்தில் உள்ளே இருக்கிற உப்பு ஈரத்தை இழுத்து மறுபடி உப்பும். இப்படி வருடா வருடம் சுருங்கி உப்பினால் எந்தக் கட்டும் நிற்காது. அது போதாதென்று கறையான். செட்டிநாட்டில் மரவேலை செய்கிறவனுக்கு அதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளி முற்றத்தில் மண்மேல் வைத்தால் அடியிலிருந்தே ஏறிவிடும், உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்தால் உப்பும் துருவும் இறங்கிக் கல்லில் அழியாத கறை விழும். உங்கள் கண்ணெதிரே தினமும் ஒரு சுற்று அது உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். கரையில் கிடப்பதை நினைத்தே தூக்கம் வராதவருக்கு அது வேண்டாம்.

கடைக்காரர் விஷயம். விற்பதில் தப்பு இல்லை, பாவமும் இல்லை. ஆனால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு விற்க வேண்டும். ஹோட்டல் முகப்பில் முழுசாக வைப்பதாகச் சொல்லி வாங்கப்படும் வல்லங்கள் பலவும் பாதியாக அறுக்கப்பட்டு, நிமிர்த்தி வைத்து அலமாரியாகவோ, மேலே கண்ணாடி போட்டு மேசையாகவோ ஆகின்றன. அதில் உங்களுக்குச் சம்மதம் என்றால் சரி. சம்மதம் இல்லை என்றால் முழுசாக வைப்பேன் என்று எழுதி வாங்குங்கள், எந்த இடத்தில் என்றும் கேளுங்கள், கூரைக்குக் கீழா, புல்வெளியில் தண்ணீர் தெளிக்கும் இடத்திலா என்றும் கேளுங்கள். எஞ்சின் இன்னும் அதில் இருந்தால் அதற்குத் தனி விலை. எல்லாவற்றுக்கும் முன்னால், மீன்வளத்துறைப் பதிவு இன்னும் உங்கள் பெயரில் இருந்தால் அதை ரத்து செய்துவிட்டு, வல்லத்தில் எழுதியிருக்கும் எண்ணை அழித்துவிட்டுத்தான் கைமாற்ற வேண்டும். பாக் விரிகுடாவில் சர்வதேச எல்லை கூப்பிடு தூரம். உங்கள் பெயரில் உள்ள எண்ணோடு ஒரு படகு வேறு யார் கையிலாவது போய் எங்காவது பிடிபட்டால், விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். மகனிடம் இதை அவசியம் சொல்லுங்கள், அவசரப்பட்டு முன்பணம் வாங்கிவிடப் போகிறார்.

சரி, நான் என்ன சொல்கிறேன்? வல்லத்தில் எதை உங்களால் விட முடியவில்லை என்பதை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். அந்தப் பள்ளம் விழுந்த விளிம்புப் பலகை. அதையும், மஞ்சளும் குங்குமமும் வைத்த அணியத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை விற்கலாம், உடைக்கலாம், நல்ல வங்குகள் இருந்தால் ஊரில் யாருக்காவது இன்னொரு வல்லத்துக்குக் கொடுக்கலாம். தானாகவே வளைந்து வளர்ந்த கிளைகளைத் தேடிப்பிடித்து வெட்டிய வங்கு இன்றைக்கு லேசில் கிடைக்காது, எந்த ஓடாவியும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்வார். அறுப்பதை மட்டும் கடைக்காரரின் ஆளிடம் விடாதீர்கள். ஓடாவி ஒருவரை வைத்து, ஆணியைப் பார்த்துக் கழற்றி, பலகையை அதன் முழு நீளத்துக்கு எடுங்கள். பள்ளம் இருக்கும் இடத்தை மட்டும் ஒரு முழத் துண்டாக வெட்டினால் அது வெறும் கட்டையாகத்தான் தெரியும்.

எடுத்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்துத் துடைத்து எடுங்கள், வெயிலில் போடாமல் காற்றோட்டமான நிழலில் கட்டைகள் மேல் கிடத்திச் சில மாதம் காய விடுங்கள். இங்கே எல்லாருக்கும் வார்னிஷ் அடிக்க ஆசை. உள்ஈரம் போகாமல் வார்னிஷ் அடித்தால் தோல் உரிகிற மாதிரி உரியும், அதனால் நன்றாகக் காயும்வரை எதுவும் வேண்டாம். கறையானுக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரைப் பூசலாம், அது மழையில் கரைந்து போய்விடும் என்பதால் கூரைக்கு உள்ளே வைக்கும் மரத்துக்கு மட்டும்தான். பழைய பச்சை, மஞ்சள் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் அப்படியே இருக்கட்டும், சுரண்ட வேண்டாம். கருங்கல் துண்டுகள் மேல், சுவரை ஒட்டாமல் நான்கு விரல் இடம்விட்டு வையுங்கள். உங்கள் கை எட்டும் உயரத்தில் வையுங்கள், அது முக்கியம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, என்னைக் கேட்டால் விற்பது வைப்பதைவிட இதுதான் பெரிது. வல்லத்தை உடைப்பதற்கு முன் அளவு எடுங்கள். நம் ஓடாவிகள் காகிதத்தில் வரைந்து கட்டியவர்கள் இல்லை. சாண், முழம், கண்மதிப்பு இவற்றை வைத்து, அப்பா கட்டியதைப் பார்த்து மகன் கட்டினார். பாக் விரிகுடா ஆழம் குறைந்த, பெரிய அலையடிக்காத கடல். வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரிலேயே நடந்து போய்த்தான் வல்லம் ஏற வேண்டியிருக்கும். அலை வந்து மோதும் கரைகளில் கட்டுமரம் வேண்டியிருந்தது, இங்கே பலகை வல்லமும் வத்தை என்னும் பலகைப் படகும் நின்றன. அந்தக் கடலுக்கென்று ஒரு ஓடாவி எவ்வளவு அகலம் வைத்தார், வயிற்றை எவ்வளவு தட்டையாக்கினார், அணியத்தை எவ்வளவு தூக்கினார் என்பது அந்த வல்லத்தில் மட்டும்தான் எழுதியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரை முழுக்கப் பைபர் படகுகள் நிறைந்துவிட்டன, மர வல்லம் கட்டச் சொல்லிக் கேட்பவர்கள் அபூர்வம். உங்கள் வல்லத்தைக் கட்டியவர் இன்று இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

பேத்தியையும் கூட்டிப் போங்கள். ஒரு டேப், ஒரு நோட்டு, செல்போன் போதும். அணியம் முதல் அமரம்வரை நீளம், ஒவ்வொரு வங்கு இருக்கும் இடத்திலும் மேல் அகலம், அடி அகலம், உயரம். பலகை எத்தனை, எந்த மரம், எங்கே இணைத்திருக்கிறது. பக்கவாட்டில், முன்னால், பின்னால், உள்ளே என்று போட்டோ. அந்தப் பிள்ளை அளந்து எழுத எழுத, நீங்கள் சொல்லிக்கொண்டே வாருங்கள், போன் அதையும் பதிவு செய்யட்டும். எந்த மாதம் எந்த மீன், மேல்காற்றான கச்சான் காலத்தில் எங்கே போவீர்கள், கீழ்க்காற்றான கொண்டல் அடித்தால் பாயை எப்படி மாற்றுவீர்கள் என்றெல்லாம். ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் பள்ளிவாசல் மினாராவையும் பனங்கூட்டத்தையும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைத்துக் கடலில் இடம் பிடித்தவர் நீங்கள். அந்த இடங்களுக்கு நீங்கள் வைத்திருந்த பெயர்களைச் சொல்லுங்கள். பள்ளம் எப்படி விழுந்தது என்று சொல்லும்போது அந்தப் பிள்ளையின் விரலையும் அதில் வைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, காரல் காயவைத்த கதையை முழுசாகச் சொல்லுங்கள். அந்த வல்லத்தில் உங்கள் மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு, அதைப் பேத்தி உங்கள் வாயால் கேட்க வேண்டும். மகன் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால் அவரும் கேட்பார்.

காலம் அதிகம் இல்லை, மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். உடனே போக முடியாவிட்டால் ஊரில் யாரையாவது விட்டு, உள்ளே கிடக்கும் மணலையும் குப்பையையும் அள்ளி, தண்ணீர் தேங்காமல் அடிப்பலகை ஓட்டையைத் திறந்து வைத்து, மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போடச் சொல்லுங்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டாம், உள்ளே புழுங்கி இன்னும் சீக்கிரம் மக்கும். அளவு எடுத்த நோட்டையும் ஏராவின் போட்டோக்களையும் எனக்கு அனுப்புங்கள், எந்தப் பலகையை எங்கே பிரிப்பது என்று ஓடாவியோடு நானே பேசுகிறேன். அதுவரை கடைக்காரரிடம் ஒரு ரூபாய்கூடக் கைநீட்டி வாங்காதீர்கள்.